வேக்ஸ் உருகும் வரை

லிஃப்டுக்குக் காத்திருக்கவில்லை. படிகளில் இறங்கிக்கொண்டிருந்தேன். வெறுங்கால்.

செருப்பு மேலே அந்த வீட்டு வாசலிலேயே கிடந்தது.

பின்னால் யாரோ வருவது போல இருந்தது. நின்று கேட்டேன்.

என் மூச்சுதான்.

கீழே வாட்ச்மேன், அதற்குள் வேலை முடிந்துவிட்டதா என்றார். தலையாட்டினேன்.

வேலை தொடங்கவே இல்லை.

ப்ளஸ் டூ முடித்ததும் சகாயமேரி அக்காவின் பியூட்டி பார்லரில் சேர்ந்தேன். போன மாதம் லைசென்ஸ் வந்தது. பார்லர் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு தனியாக ஒரு வீட்டுக்குப் போனது இன்றுதான் முதல் தடவை.

வீடுகளுக்குப் போய் வேலை செய்வதற்கு அக்கா ஒரே ஒரு சட்டம் வைத்திருக்கிறார். யாருக்கு வேலையோ அந்தப் பெண்ணைக் கண்ணால் பார்த்த பிறகுதான் பையைக் கீழே வைக்க வேண்டும். அதுவரை வாசலைத் தாண்டக் கூடாது.

தாண்டவில்லை. நின்றேன்.

கதவைத் திறந்தவருக்கு என் அப்பா வயது இருக்கும். மனைவி குளித்துக்கொண்டிருக்கிறாள் என்றார். உள்ளே தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

கை கால் முடி எடுக்கிற வேக்ஸ் உருக நேரம் எடுக்கும். அந்தம்மா குளித்து வருவதற்குள் பையில் இருக்கும் ஹீட்டரைப் போட்டுவிட்டால் சீக்கிரம் முடித்துவிடலாம். எனக்கு அடுத்து இன்னொரு வீடு இருந்தது. எங்கள் வேலையில் எல்லோரும் அப்படித்தான் செய்வோம்.

ப்ளக் பாயின்ட் எங்கே இருக்கிறது என்று கேட்டேன்.

பையை அவரே வாங்கிக்கொண்டார். நான் கீழே வைக்கவில்லை. சட்டத்தை மீறவில்லை என்றுகூட நினைத்தேன்.

பையின் பின்னாலேயே நானும் ஹாலுக்குள் போயிருந்தேன்.

டிவிக்குப் பக்கத்தில் ஒரு பாயின்ட் காலியாக இருந்தது. அவர் அதைத் தாண்டி உள்ளறைக்குப் போனார்.

ஹீட்டரை அங்கே போட்டுவிட்டுத் திரும்பி வந்து உட்காரச் சொன்னார். ஃபேனைக் கூட்டினார். குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். உள்ளறையில் ஏசி ஓடுகிறது என்று சொல்லி வாசல் கதவைச் சாத்தினார்.

தண்ணீர்ச் சத்தம் நிற்கவில்லை. ஒரே மாதிரி விழுந்துகொண்டிருந்தது. யாரோ குளிப்பது போல இல்லை. குழாயைத் திறந்து விட்டது போல.

ஷவராகக்கூட இருக்கலாம்.

"உள்ள வந்து பாரும்மா, சூடு போதுமான்னு."

அவர் குரல் அன்பாகத்தான் இருந்தது.

புருவம் திருத்துகிற த்ரெட்டிங் நூலை வண்டியில் விட்டுவிட்டேன், எடுத்து வருகிறேன் என்றேன். தாழ்ப்பாளை நானே திறந்தேன். அவர் தடுக்கவில்லை. பார்த்துப் போ என்றார்.

நான் பார்லருக்கு வந்து சேர்வதற்குள் அவர் அக்காவிடம் போனில் பேசி முடித்திருந்தார்.

கோபமே இல்லையாம். சின்னப் பிள்ளை, பயந்துவிட்டது போல என்றாராம். பை பத்திரமாக இருக்கிறதாம். வேக்ஸ் உருகிவிட்டதாம். வேறு யாரையாவது அனுப்பினால் போதுமாம்.

அந்தம்மா பேசினாரா என்று கேட்டேன்.

"அவங்க எதுக்குப் பேசணும்? வீட்டுக்காரரே அவ்வளவு தன்மையா பேசுறாரு. ஏன் புள்ள, பேய் வீடா அது? செருப்பக்கூட விட்டுட்டு ஓடியாந்துருக்க."

அக்கா கையில் ஒரு கல்யாணப் பெண்ணின் தலை இருந்தது. அவரால் நகர முடியாது. அதனால் நித்யகலாவைக் கிளம்பச் சொல்லியிருந்தார்.

நித்யகலா எனக்குப் பிறகு சேர்ந்தவள். தனியாக எங்கும் போனதில்லை. என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே துப்பட்டாவை முகத்தில் சுற்றினாள். வண்டிச் சாவிக்குக் கை நீட்டினாள்.

நான் கொடுக்கவில்லை.

இவள் போக வேண்டாம் என்றேன். அதை மட்டும்தான் சொல்ல முடிந்தது.

அக்காவின் சீப்பு நின்றது. நாற்காலியில் இருந்த கல்யாணப் பெண் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள்.

அக்கா தலையை விட்டுவிட்டு என் பக்கத்தில் வந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"அந்தாளு என்ன புள்ள பண்ணாரு?"

ஃபேனைக் கூட்டினார். தண்ணீர் கொடுத்தார். கதவைச் சாத்தினார். சூடு போதுமா என்று கேட்டார்.

நித்யகலாவின் கை நீட்டியபடியே இருந்தது.

இதில் எதைச் சொன்னால் அக்கா இவளை அனுப்ப மாட்டார்?