விட்டுப்போன பேர்

"இடையில விட்டுப்போன ஆளைப் பற்றித்தான் எழுதியிருக்கிறன், சேர். வாசிச்சுப் பாருங்கோ."

கதவுக்கு அந்தப் பக்கம் காவலாளி நல்லையாவின் குரல். ஊழியர் பட்டியலை ரைப் அடித்துக்கொண்டிருந்த சிசிலியாவின் விரல்கள் அப்படியே நின்றன.

என்னைப் பற்றித்தான்!

நானாட்டான் நெல் களஞ்சியத்துக்குக் கொழும்பிலிருந்து கடிதம் வந்து நாலு நாள். நெல் சேகரிப்புச் சபையைக் கலைத்தாயிற்று. மாத முடிவோடு களஞ்சியத்துக்குப் பூட்டு. ஊழியர்களில் இரண்டு பேருக்கு மட்டும் வேறு திணைக்களத்தில் இடம். அதுவும் இடைவிடாமல் சேவை செய்தவர்களுக்கே முன்னுரிமை.

பொறுப்பதிகாரியைத் தவிர மிஞ்சியிருந்தது இரண்டே பேர், அவளும் நல்லையாவும். களஞ்சியக் காப்பாளர் ஜுனைதீன், தொண்ணூறில் முஸ்லிம் சனத்தை ஊரைவிட்டு வெளியேற்றினபோது மறிச்சுக்கட்டியிலிருந்து குடும்பத்தோடு போனவர். ஆறு வருசமாக வேலைக்கு இல்லை. பட்டியலில் சிசிலியா அவர் பேரைச் சேர்க்கவில்லை. வராத ஆளுக்கு எதுக்கு இடம்?

அவளுடைய பயம் வேறு. சண்டைக்குள் மூன்று பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு ஓடி, மடு அகதி முகாமில் எட்டு மாதம் வேலைக்கு வராமல் கிடந்தவள். அது நல்லையாவுக்கு நன்றாகத் தெரியும். அதோடு, இரண்டு இடமும் குறைந்து ஒன்றாகிவிடும் என்றும் ஊரில் கதை அடிபட்டது. மனுசன் முந்திக்கொண்டுவிட்டார்!

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

"நல்லையாண்ணை, நான் உங்களுக்கு என்ன செய்தனான்? உயிருக்குப் பயந்து ஓடினவள் நான். வேலை வேண்டாமெண்டே போனனான்? முகாமில கிடந்தது என்ர விருப்பமே?"

நல்லையா தலையைக் குனிந்துகொண்டார்.

பொறுப்பதிகாரி அமிர்தநாயகம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"ஆர் உம்மைப் பற்றிக் கதைச்சது?"

"நான் கேட்டனான் சேர். 'விட்டுப்போன ஆள்' எண்டு..."

"இந்தாரும். இதையும் ரைப் பண்ணிப் பட்டியலோட சேர்த்துத் தாரும்."

தாளை வாங்கினாள். கொப்பியில் கிழித்த ஒற்றைத் தாள். நல்லையாவின் கோணல் எழுத்து.

"ஐயா, ஜுனைதீன் பேர் பட்டியலில் இல்லை என்று அறிந்தேன். அவர் தானாக வேலையை விட்டவர் அல்ல, போகச் சொன்னதால் போனவர். இப்போதும் புத்தளத்தில் முகாமில்தான் இருக்கிறார். எங்கள் இரண்டு பேரிலும் சேவையில் மூத்தவர். இடம் இரண்டுதான் என்றால், சிசிலியாவுக்குச் சின்னப் பிள்ளைகள், என் பேரை வெட்டி அவர் பேரைப் போடவும்."