ஏழாம் எண் படம்

பார்த்தவுடனே அது விஸ்வநாத்தின் படம் என்று பிரசன்னாவுக்குத் தெரிந்துவிட்டது. கோப்பில் பெயர் இல்லை, 7 என்ற எண் மட்டும்தான். ஆனால் மழை, கறுப்பு வெள்ளை, திருமுல்கேரி பஸ் ஸ்டாப். வகுப்பில் திருமுல்கேரிக்காரன் விஸ்வநாத் ஒருவன்தான்.

ஒரே குடைக்கு அடியில் ஐந்து பேர். குடை பிடித்திருந்த பெரியவர்தான் அதிகம் நனைந்திருந்தார்.

பிரசன்னாவுக்கு வயிறு எரிந்தது. கல்யாணமான புதிதில் அவனும் அங்கேதான் குடியிருந்தான். அதே பஸ் ஸ்டாப்பில் கேமராவும் கையுமாக அலைந்தவன். அவன் கண்ணில் மட்டும் ஏன் இப்படி ஒன்று படவில்லை?

பிறகு ஒன்பது வருஷம் நைட் ஷிப்ட். கேமரா மெமரி கார்டோடு பீரோவுக்குள் போய்விட்டது. வேலையை உதறிவிட்டுச் சும்மா கிடந்தவனை மனைவி சுமதிதான் சனத்நகரில் ஒரு பழைய ஷெட்டில் நடக்கும் இந்தப் புகைப்பட அச்சு வகுப்பில் கொண்டுவந்து சேர்த்தாள். போன வாரம்தான் மறுபடியும் விடிகாலையில் கேமராவோடு கிளம்பினான். அந்தச் சந்தோஷத்தை இந்த ஒரு படம் தின்றுவிட்டது.

"என்னப்பா, அப்படியே பார்த்துட்டு நிக்கிறே? எப்படி?" என்றார் வகுப்பு நடத்தும் வேணுகோபால்.

"சுமார் சார்."

"அரே, சுமாரா? உன் கையால போடணும்னுதானே உனக்குக் குடுத்தேன். நாலு மணிக்கு ஆக்னஸ் மேடம் வர்றாங்க. பார்த்துப் போடு."

ஆக்னஸ் கேலரி வைத்திருப்பவர். அச்சிட்ட படங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஒரு மாதம் சுவரில் மாட்டுவார். பிரசன்னா கொடுத்திருந்தது மூன்றாம் எண். தன் படத்தைத் தானே அச்சிடக் கூடாது என்பது வகுப்பின் வழக்கம். அதனால் மூன்று, பக்கத்து மெஷினில் விஸ்வநாத்திடம் இருந்தது. ஏழு இல்லையென்றால் மூன்றுதான் சுவருக்குப் போகும்.

பிரசன்னா திரையில் படத்தைச் சுத்தம் செய்தான். வானத்தின் இடது மூலையில் கேமரா சென்சாரில் படிந்த தூசியின் சின்னப் புள்ளி. தேடவே இல்லை, கை நேரே அங்கே போய் அழித்தது.

தாளை எடுத்தான். பருத்தியில் செய்த கனமான தாள், படத்துக்கு ஒன்றே ஒன்று. விரலை ஈரமாக்கி மூலையைத் தொட்டான். ஒட்டியது. மை பிடிக்கும் பக்கம் அதுதான்.

தாளைத் திருப்பி, மறுபக்கத்தை மெஷினுக்குக் கொடுத்தான்.

மை ஊறிப் பரவி, குடையும் ஆட்களும் சாம்பலாக வெளியே வந்தார்கள்.

"ஐயோ! பக்கம் மாத்திப் போட்டுட்டியா? விரல் வெச்சுப் பார்க்கலை?"

"மறந்துட்டேன் சார்."

விஸ்வநாத் எட்டிப் பார்த்தான். "போச்சே பாஸ்! செம படம். வேற தாள் இல்லையா சார்?"

"நஹி. பம்பாய்லேர்ந்து வரணும், பத்து நாள் ஆகும். ஏழு அவுட்."

விஸ்வநாத் 'த்சொ' என்று சொல்லிவிட்டுத் தன் மெஷினுக்குத் திரும்பிவிட்டான். பெரிய மனுஷன் மாதிரி நடிக்கிறான் என்று நினைத்துக்கொண்டான் பிரசன்னா.

வேணுகோபாலின் போன் அடித்தது. எண்ணைப் பார்த்துவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டார். "படத்தைக் கொண்டுவந்து குடுத்தவங்கதான். நான் என்னத்தைச் சொல்ல? நீயே சொல்லு."

ஸ்பீக்கரைப் போட்டு அவன் முன்னால் வைத்தார்.

சுமதியின் குரல் சிரித்தது. "பீரோல கிடந்த கார்டுலேர்ந்து எடுத்ததுன்னு சொல்லிட்டீங்களா சார், இல்ல தன் படம்னு அவரே கண்டுபிடிச்சுட்டாரா?"