கையை மடக்குடி

நெதர்லாந்தின் ஹார்லிங்கன் துறைமுகத்தை ஒட்டிய நடைப்பயிற்சிக் கூடத்தில் மழை விட்ட வெயில் தரையெங்கும் பளபளக்கிறது. பக்கவாதத்தில் இடப்பக்கம் செயலிழந்த ஃபோக்யே, இன்றுதான் கைப்பிடிக் கம்பிகளை விட்டு வெளியே வருகிறாள். எதிரே தங்கை ஹிஸ்கே, அக்கா விழுந்தால் தாங்கிக்கொள்ள இரு கைகளையும் நீட்டியபடி நிற்கிறாள். "கையை மடக்குடி. நான் என்ன நடை பழகுற குழந்தையா?" "விழுந்து வச்சிராதக்கா!" "மீன்பெட்டி தூக்கிட்டுப் படகுக்கும் கரைக்கும் நடந்தவ நான். மடக்கு!" ஹிஸ்கே கைகளை மார்போடு கட்டிக்கொள்கிறாள். பயிற்சியாளர் சீட்ஸே, ஃபோக்யே விழாமலிருக்க அவள் இடுப்பில் கட்டிய வாரிலிருந்து விரல்களை மெல்ல விலக்குகிறார். இடது செருப்பு தரையில் உரசி இழுபடுகிறது, பிறகு குதிகால் பதிய ஊன்றுகிறது. மறுபடி உரசல், மறுபடி ஊன்றல். மேலுதட்டில் வியர்வை முத்துமுத்தாக நிற்கிறது. இவள் என் அக்கா என்று கூடமே கேட்கும்படி கத்தத் தோன்றுகிறது ஹிஸ்கேவுக்கு. மூச்சு வாங்க எதிரே வந்து நிற்கிறாள் ஃபோக்யே, யார் பிடியும் இல்லாமல். "பாத்தியா?" பார்க்க முடியாமல் கண் நிறைந்திருக்கிறது, துடைப்பதற்குக்கூட ஹிஸ்கே கட்டிய கையை எடுக்கவில்லை.