சுவரோரத்துப் பச்சைப் புள்ளிகள்

மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்த பிச்சைமுத்துவுக்கு, சிலிபினில் உள்ள தன் வீட்டுக் கொல்லையே தெரிகிற மாதிரி இருந்தது.

இருட்டில் வரிசை வரிசையாய் இலையின் செல்கள், குட்டி அறைகள் போல. உள்ளே ஒன்றுமில்லை. அறைக்கும் அறைக்கும் நடுவிலுள்ள சுவர்களில் மட்டும் பச்சைப் புள்ளிகள் மினுங்கின.

"அதுதாம்ப்பா வைரஸோட ஆளு. ஒரு புரதம். தெரியறதுக்காகச் சாயம் போட்ருக்கேன்," என்றாள் மகள் ஷாமினி. செடிகளின் நோயை ஆராய்கிறவள்; இது அவளுடைய ஆய்வுக்கூடம். "நடுவீட்ல உக்காராது. சுவர்ல இருக்கிற சின்ன ஓட்டைல போய் நிக்கும். ஓட்டையைப் பெருசாக்கி, வைரஸைப் பக்கத்து வீட்டுக்குத் தள்ளிவிட்டுரும்."

'அட, நம்ம மாயாண்டி!' என்று வாய்வரை வந்ததை விழுங்கினார்.

பக்கத்து வீட்டு மாயாண்டி நிற்பதும் அப்படி ஓர் ஓட்டையில்தான். கொல்லைச் சுவரில் ஒரு செங்கல் பெயர்ந்த இடம். சாயங்காலமானால் அதன் வழியாக ஒரு சிகரெட் இந்தப் பக்கம் வரும். மிளகாய்ச் செடிகளுக்குப் பின்னால் குந்தி நாலு இழுப்பு இழுப்பார் பிச்சைமுத்து. பிறகு வாடை போக, மிளகாய் இலையையே கசக்கிக் கையில் தேய்த்துக்கொள்வார்.

நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த கையோடு, இனி சிகரெட்டைத் தொடுவதில்லை என்று காளியம்மன் கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தவர் அவர். துணைக்கு மனைவி இருளாயியும் தான் மெல்லும் புகையிலையை விட்டாள்.

அந்த இருளாயி வளர்த்த செடிகள்தான் இப்போது இலை சுருண்டு சாகின்றன. "வெள்ளை ஈதான்" என்று அடித்துச் சொல்லி, அதை நிரூபிக்க இலை பறித்து வந்தவரும் பிச்சைமுத்துதான்.

"வெள்ளை ஈ இல்லப்பா. இது புகையிலைல இருக்கிற வைரஸ். அதைத் தொட்ட கை செடியைத் தொட்டாலே போதும்."

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டவர் முகத்தை ஷாமினி நிதானமாகப் பார்த்தாள்.

"அம்மாகிட்ட வெள்ளை ஈன்னே சொல்லிரும்மா. தெரிஞ்சா, வச்ச ஸ்டென்டையே உருவிருவா லா! இனிமே தொடமாட்டேன், சத்தியம்."

"சத்தியம் பண்ண இங்க கற்பூரம் இல்லப்பா. ஸ்பிரிட் விளக்குதான் இருக்கு."

சிரித்துக்கொண்டே அம்மாவைக் கூப்பிட்டு, போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"வெள்ளை ஈதாம்மா."

எதிர்முனையில் நீண்ட பெருமூச்சு. "வெள்ள ஈதானே? வேற ஒண்ணும் தெரியலல்ல?"

கன்னத்தில் எதையோ ஒதுக்கிக்கொண்டு பேசுகிறவர்களைப் போல, வார்த்தைகள் கொழகொழவென்று வந்தன.

அவளுக்குப் பின்னால், சுவர்ப்பக்கமிருந்து மாயாண்டி பெண்டாட்டியின் குரல் கேட்டது.

"இன்னும் கொஞ்சம் கிள்ளித் தரவாக்கா?"