கடைசிச் சங்கு

கொழும்புத் துறைமுகத்தில் சுற்றுலாக் கப்பலின் கடைசிச் சங்கு ஊதியது. கடைவீதியில் நின்ற சண்முகப்பிரியா சுற்றுமுற்றும் பார்த்தாள். முதியோர் உட்கார்ந்து ஓட்டும் பேட்டரி ஸ்கூட்டர்களில் ஆளுக்கொரு பக்கம் வேடிக்கை பார்க்கப் போன மாமனாரையும் மாமியாரையும் காணோம்.

“அந்த ஸ்கூட்டருங்களைக் கட்டிட்டு அழுதீன்னா, கப்பலையே உட்டுப்போடுவ,” என்று பெருந்துறையில் வீட்டைவிட்டுக் கிளம்பும்போதே கணவன் எச்சரித்திருந்தான்.

சந்து சந்தாகத் தேடி ஓடினாள். செல்போன் அடித்தது.

“எங்கிருக்கீங்க மாமா? பேட்டரி தீந்துபோச்சுங்களா? கப்பல் கெளம்புதுங்க!”

“நாங்க அப்பவே கப்பலுக்கு வந்துட்டோம் கண்ணு. நீதான் இன்னும் வரலை.”

அவள் அழுதேவிட்டாள். “இனி எப்படிங்க மாமா ஏறுவேன்?”

“பதறாம வா அம்மணி. கப்பல்ல ஏறுற பலகையில ரெண்டு வண்டியையும் குறுக்கால நிறுத்திப்போட்டோம். பேட்டரி தீந்துபோச்சுன்னு உங்கத்தை சாதிச்சுட்டு இருக்கறா.”