கைகளுக்குச் சொந்தக்காரி

“இதுல ஒவ்வொரு தையலும் நானே என் கையால போட்டது” என்று கேமராவைப் பார்த்துச் சிரித்தபடி சொல்லி முடித்தாள் பை அக்கா.

கேமராவுக்குப் பின்னால் நின்ற எடிட்டர் பெண்ணுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. அக்கா ஊசியில் நூல் கோத்துக்கூட அவள் பார்த்ததில்லை.

இணையத்தில் பை அக்காவுக்கு அப்படி ஒரு பேர். ஒரு லட்சம் பேர் பின்தொடர்கிறார்கள். தோல் பைகளுக்கு ஆர்டர் வந்து குவிகிறது. ஆனால் அத்தனையையும் தைப்பவள் பின்னறை ஜன்னலோரம் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கும் தையல்காரி. வீடியோவில் வருவது அவளுடைய கைகள் மட்டும்தான். அதற்கும் கையுறை வேறு. முகமும் அக்காவுடையது, பாராட்டும் அக்காவுக்கே.

கேமராவைக் கண்டாலே தையல்காரி தலையைக் குனிந்துகொள்வாள். கேட்டால், எனக்கெதுக்கும்மா அதெல்லாம் என்று நழுவுவாள். அக்கா அந்த அளவுக்கு மிரட்டி வைத்திருக்கிறாள் என்று எடிட்டர் தானாகவே முடிவு கட்டிவிட்டாள்.

அன்று அவளால் பொறுக்க முடியவில்லை. போனை அக்காவின் முன்னால் நீட்டினாள். தையல்காரிக்கே தெரியாமல் எடுத்த வீடியோ அது. தைத்து முடித்த பையை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, தனக்குத்தானே சிரிக்கிறாள். ‘இந்தக் கைகளுக்குச் சொந்தக்காரி இவர்தான்’ என்று கீழே ஒரு வரி.

“இத இப்பவே உங்க பேஜ்ல போடப்போறேன். வேணும்னா என்னை வேலைய விட்டு அனுப்பிடுங்க.”

அக்காவின் முகம் வெளுத்துப்போனது. போனைப் பிடுங்கிக்கொண்டு, ஏற்கெனவே எங்கேயாவது போட்டுவிட்டாயா, யாருக்காவது அனுப்பினாயா என்று துருவித் துருவிக் கேட்டாள். இல்லை என்றதும்தான் அவளுக்கு மூச்சே வந்தது.

பிறகு அந்த வீடியோவை மறுபடியும் முழுசாகப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது.

“எவ்வளவு அழகா சிரிக்கிறா” என்றாள். அடுத்த நொடி அதை அழித்துவிட்டாள்.

எடிட்டர் விடவில்லை. “ஒரே ஒரு தடவ அவங்க முகத்த காட்டினா உங்க பேரு குறைஞ்சு போயிடுமாக்கா?”

அக்கா எழுந்துபோய்ப் பின்னறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். எடிட்டரின் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள். கோபமே இல்லை அவளுக்கு.

“என் பேரு கிடக்குது, விடும்மா. மூணு வருஷத்துக்கு முன்னாடி உடம்பெல்லாம் காயத்தோட என் வாசல்ல வந்து நின்னவ அவ. புருஷன் இன்னும் தேடிக்கிட்டிருக்கான். கண்ணுல பட்டா உயிரோட விடமாட்டான்.”

அவளுடைய குரல் இறங்கியது.

“அவன் என் வீடியோ ஒண்ணு விடாம பாக்கறான்மா. என் கூடப்பொறந்த தம்பியாச்சே.”