இன்னைக்கு ஒரு நாள் மட்டும்

பெயரைக் கூப்பிட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தார் கோட்டுக்காரர். வகுப்பில் யாரும் வாயைத் திறக்கவில்லை. இரண்டாவது தடவை கூப்பிட்ட பிறகுதான், இன்றைக்கு அது தன்னுடைய பெயர் என்பது அக்காவுக்கு உறைத்தது.

"வந்திருக்கேன் சார்" என்று கையைத் தூக்கினாள். அவர் ஒரு கணம் அவளையே பார்த்துவிட்டு டிக் போட்டார். போன உயிரில் பாதிதான் அவளுக்குத் திரும்பி வந்தது.

எல்லாம் தங்கை செய்த வேலை. அவள் படிக்கும் பெரிய கல்லூரியில் இந்த செமஸ்டர் புள்ளியியலுக்கு இடம் கிடைக்கவில்லை. அதை முடிக்காவிட்டால் பட்டம் ஒரு வருஷம் தள்ளிப்போகும். அதனால் அந்த ஒரு பாடத்துக்காக இந்தச் சின்னக் கல்லூரியிலும் சேர்ந்துகொண்டாள். இரண்டு கல்லூரிக்காரர்களும் தாராளமாகச் சரி என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு கால அட்டவணையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத்தான் மகாராணிக்கு நேரமில்லை.

நேற்றுதான் பார்த்தாள். அங்கே கால்குலஸ், இங்கே புள்ளியியல், இரண்டும் ஒரே நேரத்தில்.

"அடுத்த வாரத்துலேர்ந்து பெரிய காலேஜ்ல சாயங்கால வகுப்புக்கு மாத்தித் தரேன்னுட்டாங்கக்கா. இன்னைக்கு ஒரு நாள் மட்டும் எனக்குப் பதிலா அந்தச் சின்னக் காலேஜ்ல போய் உக்காந்துட்டு வந்துடேன்."

"ஒரு நாள் போகலன்னா குடியா முழுகிடும்?"

"முழுகிடும். முதல் நாள் வராதவங்க சீட்டை வெயிட்டிங்ல இருக்கிற ஆளுக்குத் தூக்கிக் குடுத்துருவாங்க. ரெண்டு காலேஜ்லயும் அதே சட்டம்."

"மாட்டிக்கிட்டா?"

"முதல் நாள்ல யாருக்கு யாரைத் தெரியும்? நீ பேசாம உக்காந்திருந்தா போதும். பேசினாத்தான் மாட்டுவ."

தங்கை கண்ணைக் கசக்கினால் அக்காவுக்கு மறுத்துப் பழக்கமில்லை. தையல் கடையில் அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு, தங்கையின் பையை மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டாள். பள்ளிக்கூடத்தோடு கணக்குக்குப் பெரிய கும்பிடாகப் போட்டவள்.

கோட்டுக்காரர் பலகையில் 'புள்ளியியல்' என்று பெரிதாக எழுதினார். அதோடு மார்க்கரை மூடி வைத்துவிட்டார்.

"முதல் நாளே பாடம் வேண்டாம். ஒவ்வொருத்தரா உங்களப் பத்திச் சொல்லுங்க. இந்தப் பாடத்தை ஏன் எடுத்தீங்கன்னும் சொல்லுங்க."

பேசாமல் இருந்தால் போதும் என்று சொல்லி அனுப்பியவளை அக்கா மனதுக்குள் நாலு திட்டுத் திட்டினாள். முறை வந்ததும் எழுந்து நின்றாள்.

"எனக்கு... அளவெடுக்கிறதுன்னா பிடிக்கும் சார்."

வகுப்பு சிரித்தது. கோட்டுக்காரர் சிரிக்காமல், "நல்ல பதில்" என்றார்.

முன் பெஞ்சுப் பையன் ஒருவன் எழுந்து, "சார், பரீட்சைக்குக் கால்குலேட்டர் கொண்டு வரலாமா?" என்று கேட்டான்.

"நல்ல கேள்வி. அடுத்த வகுப்புல பேசலாம்."

எது கேட்டாலும் நல்ல கேள்வி, எல்லாவற்றுக்கும் அடுத்த வகுப்பு. ரொம்ப நிதானமான மனிதர் என்று அக்கா நினைத்துக்கொண்டாள்.

பயத்தில் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் அவர் போட்டிருந்த கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். தோள் இரண்டும் இறங்கிக் கிடந்தன, கை நீண்டு பாதி விரலை மூடியது. இவ்வளவு படித்தவர் போட்டுப் பார்த்து வாங்கியிருக்கக் கூடாதா? எங்கே பிடிக்க வேண்டும், எவ்வளவு மடிக்க வேண்டும் என்று மனதுக்குள்ளேயே குண்டூசி குத்திக்கொண்டிருந்தாள். தொழில் புத்தி எங்கே போகும்.

மணி அடித்தது. எல்லோரும் எழுந்தார்கள்.

"நீங்க மட்டும் கொஞ்சம் இருங்க" என்றார் அவளைப் பார்த்து.

அறை காலியானதும் அவர் வெளியே எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார். அவர் நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது. கோபம் வந்தால் வியர்க்கிற ஆள் போலிருக்கிறது.

"நானும் வந்ததுலேர்ந்து கவனிக்கிறேன். வச்ச கண்ணு வாங்காம என்னையே பாத்துக்கிட்டிருக்கீங்க. என்ன விஷயமோ நேராவே சொல்லிடுங்க."

அவ்வளவுதான், அக்காவுக்குப் பொலபொலவென்று வந்துவிட்டது.

"தப்புதான் சார். நான் அவ இல்ல, அவளோட அக்கா. இதே நேரத்துல அவளுக்கு அந்தப் பெரிய காலேஜ்ல கிளாஸ் வந்துடுச்சு. இங்க வரலன்னா சீட்டு போயிடும்னு நான் வந்தேன். என்னை என்ன வேணா சொல்லுங்க, அவ படிப்புல மட்டும் கை வச்சுடாதீங்க சார். கஷ்டப்பட்டுப் படிக்கிற பொண்ணு."

கோட்டுக்காரர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"அங்க என்ன கிளாஸ்?"

"கால்குலஸ் சார்."

அவர் அதுவரை பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டுவிட்டு, முன் பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"கண்ணைத் துடைங்கம்மா. சீட்டெல்லாம் எங்கயும் போகாது. அங்க இப்ப கால்குலஸ் எடுத்துக்கிட்டிருக்கிறவர்தான் இங்க புள்ளியியல் சார்."

அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அப்ப நீங்க?"

"அவரோட தம்பி."